கை வைத்த இடம்

அவளை எனக்குப் பிடிக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நான் சொல்வதில் எங்காவது பாராட்டு மாதிரி ஏதாவது கேட்டால், அது வாய் தவறி வந்தது என்று எடுத்துக்கொள்ளுங்கள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். நேரில் அக்கா என்றும் நீங்க என்றும்தான் பேசினேன். எழுத உட்கார்ந்தால் மட்டும் அவள் என்றுதான் வருகிறது.

தலவாக்கலையில் பஸ் ஏறி அரை மணி நேரம் மேலே வந்தால் எங்கள் தோட்டம். அங்கே பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தாள். காலையில் கொழுந்து பறிக்க மலைக்குப் போகிற தாய்மார் எல்லாம் கைப்பிள்ளைகளை அவளிடம் விட்டுவிட்டுப் போவோம். சாயங்காலம் கொழுந்தை நிறுத்துப் போட்டுவிட்டு வந்து தூக்கிக்கொள்வோம். பெரியவர் சின்னவர் எல்லோருக்கும் அவள் ஆயம்மா. அவளுடைய சொந்தப் பெயர் வாக்காளர் இடாப்பில் இருந்தது, வேறெங்கும் இல்லை.

பகல் சாப்பாடு முடிந்து பிள்ளைகளைப் பாயில் வரிசையாகப் படுக்கப் போட்டதும், ஒரு டம்ளர் சூடான சாயத் தண்ணியை, பாலில்லாத தேநீரை, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துக்கொண்டு உட்காருவாள். குடிக்கத்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். கை சூடேறியதும் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து, ஒவ்வொரு பிள்ளையின் நெஞ்சிலும் கை வைத்துக்கொண்டே போவாள். "குளிர்ந்த கையால புள்ளையத் தொடக் கூடாது. அதுங்களுக்குத் திக்குன்னு இருக்கும்ல" என்பாள். யார் தூங்குகிறது, யார் கண்ணை மூடிக்கொண்டு நடிக்கிறது என்று கை சொல்லிவிடுமாம். காய்ச்சல் வரப்போகிற பிள்ளையை முந்திய நாளே பிரித்துப் படுக்கப் போடுவாள். ஒருமுறை கீழ் லயத்து வரிசை வீடுகளிலிருந்து வரும் பையன் ஒருவனின் நெஞ்சில் கை வைத்தவள், "என்னாடா, ஒனக்கு ரெண்டு நெஞ்சு அடிக்குது?" என்று கேட்டுவிட்டு அவன் சட்டைக்குள்ளிருந்து ஒரு தவளையை எடுத்து வெளியே விட்டாள். தோட்டம் முழுக்க ஒரு வாரம் இந்தக் கதைதான். நானும் சிரித்தேன். ஆனால் அந்தக் கையின்மேல் எனக்கு அப்போதே ஒரு எரிச்சல் இருந்தது.

என் கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொழுந்துக் கறை ஏறிக் கறுத்து, விரல் நுனியெல்லாம் வெடித்த கை. எத்தனை தேய்த்துக் கழுவினாலும் போகாது. சாயங்காலம் அந்தக் கையோடு போய் நின்றால் என் மகள் முதுகை வளைத்துக்கொண்டு அவளுடைய தோளிலேயே முகத்தைப் புதைப்பாள். பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். பிள்ளை பேசிய முதல் வார்த்தை 'ஆயா'. இரண்டாவது வார்த்தை 'பூனை'. நான் மூன்றாவது. மூன்று ஆண்பிள்ளைகளைப் பெற்று வளர்த்து வேலைக்குக் கொழும்புக்கு அனுப்பியவள் அவள். பிள்ளை இல்லாத ஏக்கம் என்றாலாவது பாவம் பார்த்திருப்பேன். மூன்று இருக்கும்போது என் ஒன்று எதற்கு என்று வயிறு எரியும். வீட்டுக்குப் போனதும் முதல் வேலையாகப் பிள்ளையைத் துடைத்து அவள் போட்ட பவுடர் வாசனையைப் போக்குவேன். தோட்டத்து ஆபீஸ் பெரிய கிளாக்கருக்கு அவளைப் பற்றி ஒரு மொட்டைக் கடுதாசி போடலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். என்ன குற்றம் எழுதுவது என்று தெரியாததால் விட்டுவிட்டேன்.

எனக்கு என்று ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது ஒரு குறுகுறுப்பு.

ஞாயிற்றுக்கிழமை பகலில் மகளை மடியில் போட்டுக்கொண்டு பிள்ளையின் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தால், உள்ளே ஏதோ குறுகுறுவென்று ஓடும். அடுப்படியில் படுத்திருக்கும் பூனையைத் தடவினால் கையில் தெரியுமே, அதே மாதிரி. பிள்ளைக்கு மூன்று மாதமாக இருக்கும்போதே அதைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்கு அது முதல் பிள்ளை. மஸ்கெலியாவிலிருந்து வாக்கப்பட்டு வந்தவள் நான், வீட்டில் மாமியாரும் இல்லை, வீட்டுக்காரர் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை. யாரிடம் கேட்பது? கேட்கவும் தோன்றவில்லை. என் மடிக்கு வந்த சந்தோஷத்தில் என் பிள்ளை எனக்காக மட்டும் குறுகுறுக்கிறது என்று நினைத்திருந்தேன். மலையில் மழை கொட்டும்போது, அட்டை கடிக்கும்போது, மகள் அவளுடைய தோளைவிட்டு வர மறுக்கும்போது, அதை நினைத்துக்கொள்வேன். நீ என்ன வேணுமானாலும் பண்ணு, அந்தக் குறுகுறுப்பு எனக்குத்தான் என்று அவளை மனசுக்குள் ஜெயித்துக்கொள்வேன்.

மகளுக்கு ஒன்றேகால் வயது. ஒரு சாயங்காலம் அவள் பிள்ளையைக் கொடுக்காமல் காம்பரா வாசலிலேயே என்னை நிறுத்தினாள்.

"தங்கச்சி, புள்ள பால் குடிக்கிறப்ப வேர்க்குதா?"

"புள்ளைன்னா வேர்க்காதா அக்கா?"

"இந்தக் குளிர்லயா?" என்றாள். பிறகு குரலைத் தணித்து, "புள்ள நெஞ்சுல ஒரு சத்தம் ஓடுது. காதுக்குக் கேக்கல, கைக்குத் தெரியுது. இங்க இருக்கிற வேற எந்தப் புள்ளைக்கும் அப்படி இல்ல. முன்னாடி மெலிசா இருந்திருக்கும்போல, ஒரு மாசமாத்தான் தட்டுது, பாத்துக்கிட்டு வாறேன். கை வச்சுப் பாரேன்" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பிள்ளைக்கு ஏதோ கோளாறு என்கிறாளே என்ற பயம் அடுத்ததாகத்தான் வந்தது. முதலில் வந்தது பொறாமை. ஒரு மாதமாக அவளுடைய கைக்கும் குறுகுறுத்திருக்கிறது! பிள்ளையின் சட்டைக்குள் கையை விட்டு, இடது பக்கம், கழுத்தெலும்புக்குக் கீழே இரண்டு விரல் தள்ளி வைத்தேன். என் குறுகுறுப்பு அங்கேதான் இருந்தது.

"ஒன்னும் தெரியலையே அக்கா. சளியா இருக்கும்" என்றேன்.

அவள் என் கையைப் பார்த்தாள், பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "சரி, சளியாவே இருக்கட்டும். டாக்டர் ஐயாகிட்ட ஒரு தடவ காட்டிருவோம்" என்றாள்.

நான் காட்டவில்லை. மூன்றாம் நாள் நான் மலையில் இருக்கும்போது, என்னைக் கேட்காமல் அவளே பிள்ளையைத் தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். டாக்டர் ஐயா குழாய் வைத்துப் பார்த்துவிட்டு, உடனே கண்டிக்குக் கொண்டுபோகச் சொல்லிக் கடிதம் கொடுத்தார். சாயங்காலம் அந்தக் கடிதத்தோடு நின்றவளிடம் நான் கத்திய கத்தலுக்கு மற்ற பிள்ளைகளெல்லாம் அழுதன. அவள் அந்தப் பிள்ளைகளைத் தட்டிக்கொடுத்தாள். கடைசியில், "நானும் வாறேன் தங்கச்சி. எனக்குச் சிங்களம் தெரியும்ல" என்றாள். சின்ன வயதில் கண்டியில் ஒரு வீட்டில் வேலைக்கு இருந்து கற்றுக்கொண்டது அது. நான் ஓ.எல். பரீட்சை வரை படித்தவள். கணக்கில் கோட்டை விட்டுக் கூடை தூக்கியவள். அஞ்சாம் வகுப்பு தாண்டாத அவள் எனக்குத் துணையா?

"என் புள்ளைக்கு நான் போதும்" என்றேன்.

கண்டியில் அந்தப் பெரிய ஆஸ்பத்திரியில் பிள்ளை நெஞ்சில் ஏதோ பசையைத் தடவி, டிவி மாதிரி ஒன்றில் வெகுநேரம் பார்த்தார்கள். டாக்டர் சிங்களத்தில் நிறையச் சொன்னார். பள்ளிக்கூடத்தில் நான் படித்த சிங்களம் பரீட்சையோடு என்னைவிட்டுப் போயிருந்தது. தமிழ் கொஞ்சம் தெரிந்த ஒரு பணியாளர் அம்மா பக்கத்தில் நின்று சொன்னார்: "அம்மா, பிள்ளைக்கு வால்வு சின்னது. பிறக்கும்போதே அப்படி. சுருங்கி இருக்கு."

எங்கள் வாயில் ழகரம் தங்காது. மழை மலையாகும், பழம் பலமாகும். வாழ்வு என்று எழுதினாலும் வால்வு என்றுதான் சொல்வோம். பிள்ளைக்கு வாழ்வு சின்னது, பிறக்கும்போதே சுருங்கி இருக்கிறது என்றுதான் என் காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அந்த அம்மா எவ்வளவோ சொன்னார். கையை விரித்துக் காட்டினார், சிரித்துக்கூடச் சொன்னார். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. ஒரு கிளினிக் அட்டையைக் கையில் கொடுத்தார்கள். திரும்பி வரும் பஸ்ஸில் மகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு எல்லா வளைவுக்கும் சிரித்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் பிள்ளைக் காம்பராவுக்குப் போனேன், பிள்ளையை விட அல்ல, பிள்ளையுடைய துணிகளை எடுத்துக்கொள்ள.

"என்னா சொன்னாங்க?" என்று ஓடி வந்தாள்.

"ஒன்னும் இல்லையாம். வளர வளர சரியாப் போயிருமாம்" என்றேன். "இனிமே நானே வீட்டுல வச்சுப் பாத்துக்கிறேன்."

இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை, உள்ளபடியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைக்கு இருப்பது சின்ன வாழ்வு என்றால் அது முழுக்க என் மடியில் இருக்கட்டும், அதில் ஒரு நாள்கூட அவளுக்குக் கிடையாது என்று நினைத்தேன். வேலைக்குப் போகாமல் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வீட்டுக்காரரிடம்கூட உண்மையைச் சொல்லவில்லை. கிளினிக் அட்டையைச் சாமி படத்துக்குப் பின்னால் சொருகிவிட்டேன். அவள் வாரம் ஒருமுறை ஏதாவது சாக்குச் சொல்லிக்கொண்டு லயத்துக்கு வருவாள். பிள்ளையின் துவாய் ஒன்று அங்கே கிடந்தது என்பாள், கொய்யாப்பழம் கொண்டு வந்தேன் என்பாள். வாசலிலேயே வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுவேன். உள்ளே மகள் "ஆயா, ஆயா" என்று கத்துவாள். அப்படியே ஐந்து மாதம் போனது.

மகள் நடக்கத் தொடங்கியிருந்தாள். நாலு எட்டு வைத்தால் உட்கார்ந்துவிடுவாள். ஒரு நாள் காலை தண்ணீர் பிடிக்கப் பீலிக்கரைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று படி ஏறியதும் மூச்சு வாங்கி உட்கார்ந்தாள். உதடு நாவற்பழம் தின்ற மாதிரி இருந்தது. அங்கே அவள் குடத்தோடு நின்றிருந்தாள். குடத்தைப் போட்டுவிட்டு ஓடி வந்தவள், பிள்ளையைத் தொடுவதற்கு முன்னால் அந்த அவசரத்திலும் இரண்டு கையையும் கக்கத்தில் வைத்துச் சூடாக்கினாள். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நெஞ்சில் கை வைத்தாள். அவள் முகம் மாறியது. "கூடிப் போச்சுடி. கிளினிக்குக்கு வரச் சொல்லியிருப்பாங்களே, ஏன் போகல?"

"போயி என்னா பண்ண?" என்று கத்தினேன். "வாழ்வே சின்னதுன்னு சொல்லிட்டாங்க. பொறக்கறப்பவே சுருங்கிப் போச்சாம். இருக்கிற நாள என்கூட இருந்துட்டுப் போகட்டும்!"

"யாரு சொன்னது?"

"ஆஸ்பத்திரியில. தமிழ்லதான் சொன்னாங்க. வாழ்வு சின்னதுன்னு."

அவள் பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பிறகு என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய், மேல் லயத்துக்குத் தண்ணீர் போகிற குழாயில் இருந்த துருப்பிடித்த சக்கரத்தின்மேல் வைத்தாள்.

"இது என்னா?"

"வால்வு."

"இத யாராச்சும் முழுசாத் தெறக்காமப் போனா மேல் லயத்துக்கு என்னா ஆகும்?"

"தண்ணி ஏறாது."

"குழாய் என்னா பண்ணும்?"

"குறுகுறுன்னு..." என்றேன்.

"அடிப் பாவி, இதத்தாண்டி சொல்லியிருக்காங்க. அவ நெஞ்சுல இந்த வால்வு சின்னதா இருக்கு. வாழ்வுக்கு ஒன்னும் ஆகல."

அந்த ஈரத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அவள் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

மறுநாள் மூன்று பேருமாகக் கண்டிக்குப் போனோம். ஐந்து மாதம் எங்கே போனீர்கள் என்று டாக்டர் சத்தம் போட்டார். அதற்கு அவள் கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் என்னவோ சொல்லி, நிறையத் தலையாட்டினாள். அட்டையைத் தொலைத்தது தான்தான் என்று பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டாள் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் எனக்குத் தெரிந்தது. டாக்டர் அவளைப் பார்த்து நீங்கள்தானே பிள்ளையின் அம்மா என்று கேட்டார். அந்தச் சிங்களம் மட்டும் எனக்கு நன்றாகவே புரிந்தது. அவள் இல்லை என்று சொல்லி, என் முதுகில் கை வைத்து என்னை முன்னால் தள்ளினாள். பிள்ளையோ அவளுடைய இடுப்பில் இருந்தது.

அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள். கால் நரம்பு வழியாக மெல்லிய குழாயை நெஞ்சுவரை விட்டு, அதன் நுனியில் இருக்கும் பலூனை அந்தச் சுருங்கிய வால்வுக்குள் வைத்து ஊதினால் அது விரிந்துவிடும், நெஞ்சைக் கிழிக்க வேண்டியதில்லை என்றார்கள். முதல் நாளே அந்தப் பணியாளர் அம்மா கையை விரித்து விரித்துக் காட்டியது இதைத்தான் போலிருக்கிறது. வீட்டுக்காரர் கடையில் சொல்லிவிட்டு ஓடி வந்து கூடவே நின்றார். உள்ளே கொண்டுபோன நேரம் முழுக்க நான் அவரைப் பிடித்துக்கொள்ளவில்லை, அவளுடைய கையைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். இதுவும் வாய் தவறி வந்ததுதான்.

பிள்ளையை வெளியே கொண்டு வந்ததும் அவள் கையைச் சூடாக்கினாள். பிறகு என்ன நினைத்தாளோ, கையை எடுத்துக்கொண்டு, "நீ பாரு" என்றாள். வைத்துப் பார்த்தேன். நெஞ்சு டக் டக் என்று அடித்தது. வேறு ஒன்றும் இல்லை. குறுகுறுப்பு போய்விட்டது. என் பிள்ளை பிழைத்துவிட்டாள் என்று எனக்குத் தெரியும், அதற்காகத்தான் அத்தனை சாமியையும் கும்பிட்டேன். ஆனாலும் அந்த நிமிஷம் என்னுடையது ஒன்றை யாரோ எடுத்துக்கொண்டு போன மாதிரி இருந்தது. அப்படி நினைத்ததற்காக இன்றுவரை எனக்கு வெட்கம்.

மகளுக்கு இப்போது பதினாறு வயது. உதடு எப்போதும் சிவப்புதான். படி ஏறினால் எனக்கு முன்னால் மேலே போய் நின்று என்னைத் திட்டுகிறாள், சீக்கிரம் வரச் சொல்லி. வால்வில் கொஞ்சம் கசிவு இருக்கிறதாம். வருஷத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் காட்ட வேண்டும், பல் பிடுங்குவதென்றால் முன்கூட்டியே சொல்ல வேண்டும், அவ்வளவுதான். கிளினிக் முடிந்து வெளியே வந்ததும் போனை எடுப்பாள். அப்பாவுக்கு என்றுதான் நினைப்பீர்கள். இல்லை. "ஆயம்மா, எல்லாம் நல்லாயிருக்காம்!" பக்கத்தில் நிற்கும் எனக்கு இன்னும் எரிகிறது.

மகளுக்கு ஏழு வயதாக இருக்கும்போது ஆயம்மா தோட்டத்தைவிட்டுப் போனாள். மகன்கள் கொழும்பில் வீடு பிடித்துக் கூப்பிட்டுக்கொண்டார்கள். பஸ் வரும்வரை பக்கத்தில் நின்றேன். மகள் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். வேண்டுமென்றேதான் அந்த நேரத்துப் பஸ்ஸைச் சொல்லிக்கொடுத்தேன், அந்த அழுகையை என்னால் பார்க்க முடியாது. பஸ் சத்தம் கீழ் வளைவில் கேட்கத் தொடங்கியதும், அத்தனை வருஷமாக அடக்கி வைத்திருந்தது வெளியே வந்துவிட்டது.

"அக்கா, ஒன்னு சொல்லணும். அந்தக் குறுகுறுப்பு எனக்கு முன்னாடியே தெரியும். மூணு மாசத்துப் புள்ளையிலிருந்தே தெரியும். அது நோவுன்னு தெரியல, எனக்காகப் பண்ணுதுன்னு நெனச்சுக்கிட்டேன். நீங்க கை வச்சுப் பாக்கச் சொன்னப்ப, தெரியலைன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"கை வச்சுப் பாருன்னுதான் சொன்னேன். எங்கன்னு நான் சொல்லவே இல்லையே. நீ நேராப் போயி அந்த எடத்துல வச்ச."

பஸ் வந்து நின்றது. பையை உள்ளே ஏற்றினேன். படியில் காலை வைத்தவள் திரும்பினாள்.

"நான்தான் மொதல்ல கண்டுபுடிச்சேன்னு தோட்டமே சொல்லுது. நான் ரெண்டாவதுதான். அது எனக்குத் தெரியும்."

இதை இன்னும் நான் மகளிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்புவாளோ என்னவோ. என் பிள்ளையின் நெஞ்சை முதலில் அறிந்தது நான்தான் என்பது இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியும். அந்த ஆள் அவளாகத்தான் இருக்க வேண்டுமா?